உள்பக்கத்து நட்டு

“கொஞ்சம் நில்லுங்க சார், இன்னொரு தடவை பாத்துடுவோம்” என்று பட்டறை வாசலைத் தாண்டப்போன ஜீப்பின் முன்னால் வந்து நிற்கிறார் மெக்கானிக். வண்டிக்காரர் ஹாரன் அடித்துப் பார்க்கிறார். நகர்ந்தால்தானே! தோளில் கிடந்த துண்டை உதறித் தரையில் போட்டு, அதன்மேல் முழங்காலை ஊன்றி, சற்றுமுன் தானே முடுக்கிய சக்கரத்தை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

தெருவில் இவருக்கு ‘இன்னொருதடவை’ என்றே பெயர். கூரியர்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறார். மண்பாதையிலும் மலையிலும் ஓடும் ஜீப்புகளுக்குப் பெரிய டயர், உயரமான ஸ்பிரிங், ஸ்பேசர் எல்லாம் மாட்டிக்கொடுப்பது தொழில். ஐம்பதை நெருங்கும் வயது. வலது கட்டைவிரல் நகத்தில் எப்போதும் மஞ்சள் பெயின்ட் இருக்கும். முடுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு மஞ்சள் கோடு இழுப்பார். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். கல்யாண வீட்டுக்கும் அதே நகத்தோடுதான் போகிறார்.

பட்டறையில் பாட்டு கிடையாது. நட்டை முடுக்க வேண்டிய அளவு வந்ததும் ‘டக்’ என்று சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்சு ஒன்று வைத்திருக்கிறார், அந்தச் சத்தம் காதில் விழ வேண்டுமாம். அதை யாருக்கும் இரவல் தரமாட்டார். வேலை முடிந்ததும் அளவைத் தளர்த்தி, துடைத்து, பழைய போர்வைத் துணியில் சுற்றிப் படுக்கவைப்பார். சொந்தப் பிள்ளைகளை இப்படித் தூங்கவைத்திருக்கிறாரா என்று அவர் மனைவியைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நான் அவரிடம் போனது வீண் ஜம்பத்துக்காக. என் ஜீப் ஒடுங்கிப் போய் நிற்பதாக எனக்கு ஒரு குறை. ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே மாட்டும் கனமான அலுமினிய வட்டு. சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும், வண்டி கால் அகட்டி மிடுக்காக நிற்கும். இருப்பதிலேயே தடிமனானது வேண்டும் என்றேன்.

“எதுக்கு?”

“பாக்க நல்லா இருக்குமே.”

“டயர் உள்பக்கம் எங்கயாவது உரசுதா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் சார் வம்ப வெலைக்கு வாங்குறீங்க? தடிமன் ஏற ஏற பேரிங்குக்குத்தான் கேடு.”

பேரம் பேசி, மெல்லியதொன்றுக்கு இறங்கி வந்தேன். இரண்டு வட்டுகளைக் கையில் ஏந்திக் காட்டினார். “இது உருக்கி அச்சுல ஊத்துனது. பளபளன்னு இருக்கும், பலமா அடி வாங்குனா விண்டுடும். இது அடிச்சு செஞ்சது. இதான் உங்களுக்கு.” நடு ஓட்டை, அச்சின் மையத்தில் ஆட்டமில்லாமல் உட்கார்கிறதா என்று பார்த்தார். வண்டியின் பழைய போல்ட்டுகள் வட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கவில்லையே என்று மஞ்சள் நகத்தால் தடவினார். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினார். நான் உதவுகிறேன் பேர்வழி என்று எண்ணெய்க் குப்பியை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டார். “மரையில எண்ணெய் பட்டா ரெஞ்சு பொய் சொல்லும் சார்.”

முதலில் வட்டை அச்சில் வைத்து ஒரு வரிசை நட்டு. அதன்மேல் சக்கரத்தை மாட்டி இன்னொரு வரிசை. சக்கரம் ஏறிவிட்டால் உள்வரிசை கண்ணுக்கே தெரியாது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, மறைந்திருக்கும் உள்வரிசையையும் மறுபடி முடுக்க வேண்டும். “வெளிய தெரியறத எவன் வேணாலும் டைட் பண்ணுவான்” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்புறம் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று குழம்பிப்போனேன்.

பக்கத்து பஞ்சர் கடைக்காரர் விஷயத்தைச் சொன்னார். இவருடைய அக்கா வீட்டுக்காரரின் ஜீப்புக்கு இவரே ஸ்பேசர் மாட்டியிருக்கிறார். மறுபடி முடுக்குவதற்காக அக்காவும் மாமாவும் வந்து நின்றது சாப்பாட்டு நேரம். ஜாக்கியோ வேறொரு வண்டிக்கு அடியில். அக்கா உள்ளே தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, “ஆறிப்போகுது, வாடா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இவர் சக்கரத்தைக் கழற்றாமலே வெளிநட்டுகளை மட்டும் இழுத்துவிட்டு, டயரைத் தட்டி, “தைரியமா போங்க மாமா” என்றாராம். அடுத்த நாள் மலை இறக்கத்தில் முன்சக்கரம் ஸ்பேசரோடு கழன்று தனியாக ஓடியது. ஜீப் பள்ளத்தில் சாய்ந்து, அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்தது.

“சக்கரத்த தூக்கிட்டு வந்தவனே நான்தான்” என்றார் பஞ்சர் கடைக்காரர். “ஸ்பேசர் சக்கரத்தோட கெட்டியா இருந்துச்சு. உள்நட்டுதான் ஒண்ணுகூட இல்ல. யார் தப்புன்னு பாத்த உடனே தெரிஞ்சிடும். மாமாவும் பாத்தாரு.”

பார்த்தும், மாமா ஆஸ்பத்திரியில் சொன்னது வேறு. “நான்தான் வேகமா வந்து பாறையில ஏத்திட்டேன்.” மச்சினன் பக்கத்திலேயே நின்றிருந்தார், வாயைத் திறக்கவில்லை. அன்று திறக்காத வாய் அதற்கப்புறமும் திறக்கவில்லை.

சுற்றிப்பார்க்க வருகிறவர்களை மலைக்கு ஏற்றிப்போவதுதான் மாமாவின் பிழைப்பு. அந்த வட்டாரத்தில் அவரைப்போல வண்டி ஓட்ட ஆளில்லை என்பார்கள். அன்றோடு அக்கா சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இப்போது சம்பளத்துக்கு ஓர் ஓட்டுநர். மாமா பக்கத்து சீட்டில் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்; வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்தும். அந்தக் காலை ‘இன்னொருதடவை’ பலமுறை பார்த்திருக்கிறார். அக்காவின் குரல் வாசலில் கேட்டாலே ஏதாவதொரு வண்டிக்கு அடியில் படுத்துவிடுவாராம்.

நான் மறுமுடுக்கலுக்குப் போன அன்று அப்படிப் படுக்க வழியில்லை. என் ஜீப் ஒரு பக்கம் ஜாக்கியில் நின்றது. சக்கரத்தை அப்போதுதான் கழற்றியிருந்தார். பிரேக் வேலைக்கு விட்டிருந்த ஜீப்பை எடுத்துப்போக அக்காவும் மாமாவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

“டிரைவருக்குக் காய்ச்சலாம். நீயே வந்து வீட்ல விட்டுட்டுப் போடா” என்றார் அக்கா. “இந்த மனுஷன்கிட்ட சாவியக் குடுத்தா எனக்கு இன்னொரு கையும் போயிடும்.” சும்மா நின்ற என்னிடமும் கையை நீட்டினார். “பாருங்க சார். ஒரு வாளி தண்ணி தூக்க முடியல.” மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

மாமா சிரித்தார். “வயசாச்சுல்ல, கண்ணு மங்கிடுச்சு” என்று என்னிடம் சொன்னார், எல்லோரிடமும் சொல்லிப் பழகியவர்போல.

எனக்கே எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ‘இன்னொருதடவை’யின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“அக்கா, இங்க வா.”

“என்னடா?”

“இந்த நட்டு தெரியுதா? சக்கரத்தக் கழட்டுனாத்தான் தெரியும்.” மஞ்சள் நகத்தால் உள்வரிசையைத் தொட்டுக் காட்டினார். “அன்னைக்கு நான் கழட்டல. வெளிய மட்டும் டைட் பண்ணிட்டு சாப்பிட வந்துட்டேன். மாமா பாறையில எல்லாம் ஏத்தல.”

“மாப்ள, சும்மா இருடா” என்றார் மாமா.

அக்கா நட்டைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பினார். “உங்களுக்குத் தெரியுமா?”

மாமா பட்டறையின் தகரக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“நான் இத்தனை பேர் முன்னாடி உங்கள…” அக்கா தம்பி பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்து சாவியை எடுத்து, அந்தக் கோணல் கையாலேயே கணவர் கையில் வைத்தார். போய் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மாமா உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் ஸ்டியரிங்கைத் தொட்டார்.

வண்டி வாசலை நெருங்கியதும் பின்னாலிருந்து ஓடினார் ‘இன்னொருதடவை’. “மாமா, கொஞ்சம் நில்லுங்க.” துண்டைக்கூட விரிக்காமல் முன்சக்கரத்தின் அருகே மண்டியிட்டார். அந்த ஜீப்பில் இப்போது ஸ்பேசரே கிடையாது. விபத்துக்குப் பிறகு கழற்றியாகிவிட்டது. எல்லா நட்டும் வெளியே தெரிவதுதான். ஒவ்வொன்றாக ரெஞ்சை வைத்தார். டக். டக். வரிசை முடிந்தது.

“போதும், எழுந்திரிடா” என்று மேலேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. சத்தம் கொடுத்து முடித்த முதல் நட்டின் மேல் ரெஞ்சை மறுபடியும் வைத்தார்.