பேட்டரி மாஸ்டரும் சனியின் வளையமும்

எங்கள் வீட்டு டிவி ரிமோட்டின் பின்மூடியை மாஸ்டர் கழற்றிவிட்டார். எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தவர். எப்படி இருக்கிறது என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் ரிமோட்டை எடுத்து, உள்ளே இருந்த இரண்டு பேட்டரிகளையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டார். மற்றவர்கள் பேனா குத்திக்கொள்ளும் சட்டைப் பையில் அவர் ஒரு சின்ன மீட்டரை வைத்திருப்பார். அதன் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணு பரவால்ல சார். இன்னொண்ணு தேறாது" என்றார். அதற்கப்புறம்தான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுவது அவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர் என்பதால். அவரிடம் படித்தவர்களைத் தெருவில் பார்த்ததும் சொல்லிவிடலாம். வண்டியில் ஏறியதும் இருக்கையை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் திருப்பி, பெல்ட்டை இழுத்துப் பார்த்து, மறுபடியும் முதல் கண்ணாடிக்கே வருவார்கள். "வண்டி எங்க ஓடிப் போயிடப் போகுது? முதல்ல நீங்க ரெடி ஆகுங்க" என்பது மாஸ்டரின் வேதவாக்கு. என் மைத்துனி அவரிடம் சேர்ந்தாள். முதல் வாரம் முழுக்க வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணாடி திருப்புவதில் இன்று அவளை மிஞ்ச ஆளில்லை. ஓட்டுவதற்கு மட்டும் வேறு பள்ளியில் சேர்ந்திருக்கிறாள்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத் தொலைநோக்கி வந்தது மனைவியால். அந்த அம்மாள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறார். காலையிலிருந்து சாயங்காலம் வரை நுண்ணோக்கியில் குனிந்தபடி அடுத்தவர்களின் ரத்த அணுக்களை எண்ணுவது அவர் பிழைப்பு. ஒரு நாள் வீட்டுக்கு வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னாராம்: "சின்னதையே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. ஒரு தடவையாவது பெரிசா எதையாவது பாக்கணும். அந்தச் சனி வளையத்தைப் பாத்தா போதும்." மாஸ்டர் பாசக்காரர். மறுமாதமே தொலைநோக்கி வந்து இறங்கியது. அது வந்து மூன்று வருடமாகிறது. அந்த அம்மாள் இன்னும் ரத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம், பெட்டி. தொலைநோக்கியின் முக்காலியில் ஒரு மோட்டார் உண்டு. வானம் நகர நகர அதுவும் குழாயை நகர்த்திக்கொண்டே போகும். அதை வீட்டு மின்சாரத்தில் ஓட்ட ஒரு அடாப்டரும் கூடவே கொடுத்திருந்தார்கள். மாஸ்டர் அதைப் பிரிக்கவே இல்லை. நட்சத்திரம் பார்ப்பவன் இருட்டைத் தேடிப் போக வேண்டும், போகிற இடத்துக்கு மின்சாரத்தையும் கையோடு தூக்கிப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. ஆகவே தன் கையாலேயே ஒரு பேட்டரிப் பெட்டி செய்ய உட்கார்ந்தார்.

முதல் பெட்டி, பயிற்சிப் பள்ளியில் கழித்துப் போட்ட கார் பேட்டரி ஒன்றை பிளாஸ்டிக் வாளியில் இறக்கி வைத்தது. அது வரவேற்பறைத் தரையில் அமிலத்தைக் கக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது பெட்டியை ஒழுங்கான செல்களை வாங்கிச் செய்தார். ஃப்யூஸ் போட மறந்ததால் சமையலறைத் திரைச்சீலை கருகியது. மூன்றாவதுதான் இப்போது இருப்பது. ஆசாரிகள் சாமான் வைத்துக்கொள்ளும் பெரிய பெட்டி ஒன்றுக்குள், ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ஃப்யூஸ், ஒவ்வொரு ஃப்யூஸுக்கும் ஒரு சுவிட்சு, ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு நீல விளக்கு. உள்ளே சூடாகாமலிருக்க ஒரு குட்டி மின்விசிறி. விசிறி மின்சாரத்தைத் தின்றதால் இன்னும் நாலு செல். செல் கூடியதில் கனம் கூடியதால் சக்கரம். கையில் தூக்கிப் போகலாம் என்று சொல்லி ஆரம்பித்த சாமானைத் தூக்க இப்போது இரண்டு ஆள் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நான்.

ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் கூடுகிற நட்சத்திரக்காரர்களிடம் ஒரு முறை பெட்டியை இழுத்துப் போனார். அவர்கள் இருட்டுக்குக் கண்ணைப் பழக்கிக்கொண்டு, மூச்சு விடாமல் நின்றுகொண்டிருந்தார்கள். மாஸ்டர் போய் எல்லாச் சுவிட்சுகளையும் ஒன்றாகப் போட்டார். மைதானமே கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. பாவம், நாகரிகமானவர்கள், அதைக் காருக்குள் வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். வைத்தார். பிறகு ஒவ்வொருவராகக் காருக்கு வந்து தங்கள் ஃபோனை அதில் சொருகிவிட்டுப் போனார்கள். மாஸ்டர் பூரித்துப்போய்த் திரும்பினார். "அத்தனை ஃபோனும் ஏறிடுச்சு சார். மீட்டர் அசையவே இல்ல" என்றார். வானத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். அன்றைக்கு அதற்கு நேரமில்லையாம்.

இந்த வருடம் அந்த அம்மாள் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தார். அதற்கும் மாஸ்டர்தான் காரணம். சனியின் வளையம் நம் பக்கம் பார்த்த சாய்வு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது, அடுத்த வருடம் விளிம்பு மட்டும் நம்மை நோக்கி நிற்கும், வளையம் இருப்பதே தெரியாது, மறுபடி நன்றாக விரிய வருடக்கணக்காகும் என்று அவரே சாப்பிடும்போது விளக்கியிருக்கிறார். பெட்டி எவ்வளவு பக்காவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னது அது. மனைவிக்கு வேறு விதமாகக் காதில் விழுந்திருக்கிறது. பரிசோதனை நிலையத்தில் யாரிடமோ கெஞ்சி ஒரு சனிக்கிழமை மாலையை விடுப்பாக வாங்கிவிட்டார். அந்த வாரம் பூராவும் மேகம். அன்றைக்கு மட்டும் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

நானும் மாஸ்டரும் பெட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றினோம். என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை. மாஸ்டர் தொலைநோக்கியின் ஒயரைச் சொருகி, சுவிட்சைத் தட்டினார். நீல விளக்குகள் மினுக்கிவிட்டு அணைந்தன. மோட்டார் ஒரு முனகல் முனகி நின்றது.

விஷயம் இதுதான். இந்த முக்கியமான மாலைக்குப் பெட்டி தாங்குமா என்று பார்க்க, முந்தின இரவு முழுக்க மேசை விசிறியை அதில் ஓடவிட்டிருக்கிறார். காலையில் சார்ஜ் போட வேண்டியவர், உள்ளே கம்பி சூடாகியிருக்கிறதா பார்ப்போம் என்று மூடியைத் திறந்திருக்கிறார். திறந்த பெட்டியை மாலைவரை மூட மனசு வரவில்லை.

"ராத்திரி பூரா தாங்கிச்சும்மா. பிரமாதமா தாங்கிச்சு" என்றார் மனைவியிடம்.

"இப்ப?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

மொட்டைமாடிச் சுவரில், துணி துவைக்கும் இயந்திரத்துக்காக வைத்த பிளக் ஒன்று இருக்கிறது. நான் அதைக் காட்டி, அந்தப் பிரிக்காத அடாப்டரைக் கொண்டுவரலாமே என்றேன். மாஸ்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கரண்ட்ல ஓட்டறதா இருந்தா இந்தப் பெட்டி எதுக்கு சார்?" என்று கேட்டார். மூன்று வருடமாக நான் கேட்க நினைத்து அடக்கிவைத்திருந்த கேள்வி அது. பிறகு, இருந்த ஒரே பிளக்கில் பெட்டியின் சார்ஜரைச் சொருகிவிட்டு, அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சனி மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விடும். அந்த அம்மாள் தொலைநோக்கியிடம் போனார். முக்காலியின் திருகைத் தளர்த்தினார். குழாயோடு கன்னத்தை ஒட்டி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, கையாலேயே அதைத் திருப்பினார். பிறகு லென்ஸில் குனிந்து, பழகிய வேலையைச் செய்வதுபோல விரல் நுனியால் தட்டித் தட்டி நகர்த்தினார். சட்டென்று அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. என்னையும் பார்க்கச் சொன்னார். சின்னஞ்சிறு மஞ்சள் உருண்டை. அதன் குறுக்கே ஊசி செருகியதுபோல வளையம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல ஓரத்துக்கு நழுவியது. மோட்டார் ஓடவில்லையே. அவர் ஒரு விரலால் தொட்டு அதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார்.

"ஏங்க, வளையம் இருக்குங்க. போறதுக்குள்ள ஒரு தடவை வந்து பாருங்க."

மாஸ்டரின் முகத்தில் கையிலிருந்த மீட்டரின் நீல வெளிச்சம் விழுந்திருந்தது. எண் அப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு நிமிஷம் என்பதற்கு ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினார்.