காடாத்துணிப் பாவாடை

என் மாமாவை, அதாவது அம்மாவின் தம்பியை, பழங்காநத்தத்தில் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். கிளிப்பச்சை, ராமர் நீலம், தக்காளிச் சிவப்பு என்று அவருடைய சட்டைகள் அவருக்கு முன்னால் வந்து நிற்கும். ரேடியோ செட் வாடகைக்கு விடுகிற தொழில். விசேஷ வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்ட மரத்தில் ஏறினால், கீழே இருக்கிறவர்கள் பாட்டைக் கேட்பதா சட்டையைப் பார்ப்பதா என்று திகைப்பார்கள். சின்னப் பிள்ளையில் எனக்கு அவர்மேல் இருந்த பிரியத்தில் பாதிக்குமேல் அந்தச் சட்டைகள்மேல்தான்.

எனக்கோ கலர் துணி ஆகாது. புதுச்சட்டை போட்ட ஒரு மணி நேரத்தில் கழுத்தும் கக்கமும் சிவந்து தடித்துவிடும். ஒரு தீபாவளிக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஃபிராக் எடுத்துத் தந்தார்கள். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் வெடி போட, நான் உடம்பெல்லாம் ரோஸ் நிற மருந்தைப் பூசிக்கொண்டு ஜட்டியோடு ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். துணியில் ஏற்றுகிற சாயம் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். வெளுத்து நீலம் போட்ட வெள்ளைத்துணியும் வெயில் நேரத்தில் அரித்தது. துவைத்துத் துவைத்து நிறமே மறந்துபோன பழைய துணிகளில்தான் நான் வளர்ந்தேன். அக்கம்பக்கத்தில் எங்களை வக்கற்ற குடும்பம் என்று நினைத்திருந்தால் அவர்கள்மேல் தப்பில்லை.

இந்த லட்சணத்தில் எனக்குக் காதுகுத்து வந்தது. மேலூர்ப் பக்கம் எங்கள் குலசாமி கோயில். தாய்மாமன் புதுத்துணி எடுத்துவந்து, அதை உடுத்திய பிள்ளையைத் தன் மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். மாமன் கொண்டுவரும் துணியை வேண்டாம் என்று தள்ளினால், மாமனையே வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். அதன்பிறகு அண்ணன் தங்கையும் அக்கா தம்பியும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமலே கிழவர்களாகிப்போன கதை எங்கள் சொந்தத்தில் உண்டு.

நான் எனக்குள் அரக்குக் கலர் பட்டுப்பாவாடையை முடிவு செய்து வைத்திருந்தேன். பெரியப்பா மகளுக்கு எடுத்தது அப்படித்தான். கரையில் ஜரிகை மயில் வரிசையாகப் போகும். அரிப்பைப் பற்றிக் கேட்டால், அரித்துவிட்டுப் போகட்டுமே! ஒருநாள் மயிலோடு நடந்துவிட்டுப் பிறகு பத்து நாள் மருந்து பூசிக்கொள்ள நான் தயாராகத்தான் இருந்தேன்.

கோயிலில் மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி என்னை நிறுத்தினார்கள். மாமா கிளிப்பச்சைச் சட்டையில் தாம்பாளத்தோடு வந்தார். தேங்காய், பழம், வளையல் எல்லாம் இருந்தன. நடுவில் மடித்து வைத்திருந்த பாவாடை சட்டையைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. அரக்கும் இல்லை, மயிலும் இல்லை. தறியில் இருந்து அறுத்தபடியே, வெளுக்காமல், சாயம் காட்டாமல் இருக்கிற காடாத்துணி. பஞ்சின் நிறம். ஊர் முழுக்கக் கலரைக் கட்டிக்கொண்டு திரிகிற மனுஷன் எனக்கு மட்டும் தலையணை உறைக்கு ஆகிற துணியைக் கொண்டுவந்திருக்கிறாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

செல்லூரில் தறி வைத்திருந்த சினேகிதரிடம் அலைந்து, பூப்போல மெல்லிசாக நெய்யச் சொல்லி வாங்கினாராம். நெசவுக்குப் போட்ட கஞ்சி போக வேண்டும் என்று வீட்டு அண்டாவில் தானே வேகவைத்து, அலசி, மொட்டைமாடியில் ஸ்பீக்கர் குழாய்கள்மேல் விரித்துக் காயப்போட்டாராம். அதெல்லாம் அம்மா பின்னால் சொல்லித் தெரிந்தது. அன்று அம்மா துணியின் மூலைகளில் மஞ்சளை மட்டும் தொட்டு வைத்தாள்.

பெரியப்பா அதற்குள் பார்த்துவிட்டார். எங்கள் பக்கம் செத்தவர்மேல் போர்த்துகிற புதுத்துணிக்குக் கோடி என்று பெயர். அதுவும் வெள்ளையாகத்தான் இருக்கும். அதைக் கொண்டுவருவதும் பிறந்த வீட்டு ஆட்கள்தான். நல்லநாள் அதுவுமாக ஒரு தாய்மாமன் இதை எடுத்துவருவானா என்று பெரியப்பா சத்தம் போட ஆரம்பித்தார். டாக்டர் சொன்னதை அப்பா எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் பேச்சுக்கு முன்னால் அப்பாவின் பேச்சு எப்போதும் முக்கால்வாசியில் நின்றுவிடும். துணியைத் திருப்பிக் கொடு, வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திக்கொள்ளலாம் என்று பெரியப்பா முடித்துவிட்டார். அம்மா தாம்பாளத்தைப் பிடித்த பிடியை விடவில்லை. அடுப்பில் கிடாக்கறி கொதிக்கிறது, காது குத்துகிற ஆசாரி ஊசியோடு காத்திருக்கிறார்.

மாமா கோபப்படவில்லை. பாவாடை வெட்டியதுபோக மிச்சமிருந்த துணியைப் பையிலிருந்து எடுத்தார். கிளிப்பச்சைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அந்த மிச்சத்துணியைத் தன் வெற்றுடம்பின்மேல் போர்த்திக்கொண்டு, மணை போட்டிருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“கோடின்னா அது மொதல்ல எனக்கே இருக்கட்டும் மச்சான். இந்தா, போத்திட்டேன். புள்ளய மடியில குடுங்க.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார். சாமிக்கு முன்னால் ஒருவன் அந்த அபசகுனத்தைத் தன் தலையில் தானே இழுத்துப் போட்டுக்கொண்ட பிறகு என்ன பேச? அம்மா எனக்குப் பாவாடையைக் கட்டிவிட்டாள். மொட்டைத்தலையும் பஞ்சு நிறப் பாவாடையுமாக நான், அதே துணியைப் போர்த்திய மாமா. போட்டோவில் இரண்டு பேரும் எங்கிருந்தோ துறவறம் வாங்கி வந்தவர்கள்மாதிரி இருப்போம். காது வலித்தது. உடம்பு அரிக்கவில்லை. பந்தி முடிந்து நான் மற்ற பிள்ளைகளோடு சாயங்காலம்வரை ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறேன். ஒரு புதுத்துணியில் அப்படி விளையாடியது அதுதான் முதல் தடவை.

அந்த நாளோடு மாமாவிடம் ஒரு மாற்றம் வந்தது. குடும்ப விசேஷமோ வேலையோ, எதுவானாலும் காடாத்துணிச் சட்டைதான். எனக்கும் அதிலேயே பாவாடை, பிறகு சுடிதார். தன் கல்யாண வரவேற்பில்கூட மாமியின் பட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சட்டையோடுதான் நின்றார். மாமாவுக்கு வயசாகி ரசனை போய்விட்டது என்று நான் என் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்று கடைகளில் சாயமேற்றாத பருத்திக்குத் தனி அலமாரி. இலை படம் போட்ட அட்டையைத் தொங்கவிட்டு, ஆற்றில் சாயத்தண்ணீர் கலக்காத துணி என்று சொல்லி விற்கிறார்கள். என் கூட வேலை பார்க்கும் பெண்கள், இவ்வளவு முன்கூட்டியே உனக்கு எப்படித் தோன்றியது என்று என்னைக் கேட்கிறார்கள். எனக்கு எங்கே தோன்றியது? எனக்கு மயில்தான் தோன்றியது.

போன வருஷம் மாமி பரண் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது நான் உடன் இருந்தேன். உள்ளே அந்துருண்டை வாசத்தோடு பழைய கலர் சட்டைகள். அடிக்கடி எடுத்துப் பார்ப்பாராம், போட மாட்டாராம். கல்யாணமான புதிதில் மாமி காரணம் கேட்டதற்கு, “நான் கலர்ல போய் நின்னா நம்ம புள்ள மட்டும் தனியாத் தெரியும்ல” என்றாராம். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தத் தீபாவளிக்கு மாமாவுக்கு ஒரு கிளிப்பச்சைச் சட்டை எடுத்துக்கொண்டு போனேன். பிரித்துப் பார்த்தார். நரைத்த மார்பின்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

“இனிமே நான் போடலாமா ஆத்தா?”

என்னிடம் கேட்டுப் போட வேண்டியதாக அவர் கலரை இத்தனை காலம் வைத்திருந்தார் என்று எனக்கு அதுவரை தெரியாது.