சீட்டுக்கு அடியில ஒரு மூடி

எங்க அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. திறக்க வழியில்லாத ஒரு பொருளைப் பார்த்துட்டா அவரால சும்மா இருக்க முடியாது. வெட்டிடுவாரு. வெட்டி, அதுக்கு ஒரு மூடி போட்டு, நாலு ஸ்க்ரூவும் முடுக்கினப்புறம்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

மாமா கார் மெக்கானிக். நான் வேன் டிரைவர். அக்காவுக்குக் கல்யாணம் ஆனப்ப நான் பத்து வயசுப் பொண்ணு. வந்த மறுநாளே என் ஜாமெட்ரி பாக்ஸ் கீலைக் கழட்டிட்டாருன்னு அன்னைக்கு ஆரம்பிச்ச சண்டை, இன்னும் ஓயல.

அக்கா வீட்டுக்குப் போய்ப் பாருங்க. குளியலறைச் சுவத்துல ஒரு மூடி, உள்ள பைப் ஜாயின்ட். சமையல் மேடைக்கு அடியில ஒண்ணு. அக்கா ஆசை ஆசையா வாங்கின பீரோவோட முதுகுல ஒண்ணு. பீரோவுக்குப் பின்னால ஸ்விட்ச் பெட்டி இருக்காம், அவசரத்துக்குக் கை போகணுமாம். பீரோ வந்து மூணு நாள்கூட ஆகல. அக்கா ஒரு வாரம் அவர்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. அதாவது பரவாயில்ல. அவளுக்கு வயித்துல ஆபரேஷன் ஆனப்ப, தையலைக் குனிஞ்சு பார்த்துட்டு டாக்டர்கிட்ட கேக்குறாரு, மறுபடி திறக்கணும்னா எப்படி சார்னு. டாக்டர் சிரிச்சுட்டாரு. அக்கா மயக்கம் தெளிஞ்சு, விஷயத்தைக் கேட்டதும் செஞ்ச முதல் காரியம் அவரை முறைச்சதுதான்.

இன்னொண்ணும் சொல்லணும். ஒவ்வொரு மூடியோட உள்பக்கமும் மார்க்கரால எழுதி வைப்பாரு. அடுத்து திறக்கப்போறவனுக்காம். குளியலறை மூடியில, ‘இடது பக்கம் திருப்பு, பலம் வேணாம்’. பீரோ மூடியில, ‘மேல சேலை இருக்கு, கை கழுவிட்டு வா’. நம்ம வீட்டுல உங்களைத் தவிர வேற யாரு திறக்கப்போறான்னு அக்கா கேப்பா. நானே வந்தாலும் அதுக்குள்ள மறந்திருப்பேன்லம்பாரு.

இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னா, தொழில்லேருந்துதான். அவரு ஷெட்டுல அரை மணி நேரம் நின்னா உங்களுக்கே புரியும். ஹெட்லைட் பல்பு போச்சுன்னு ஒருத்தர் வருவாரு. பல்பு சுண்டு விரல் அளவுதான். அதை மாத்த முன்பக்க பம்பரையே கழட்டணும். ஒரு வண்டியில பேட்டரி சக்கரத்துக்குப் பின்னால இருக்கும். இன்னொண்ணுல ஆயில் ஃபில்டரைக் கழட்டினா ஆயில் நேரா முழங்கை வழியா சட்டைக்குள்ள போகும். அவரு விரல் முட்டியெல்லாம் தழும்பு. எந்தத் தழும்பு எந்த வண்டியில வாங்கினதுன்னு வரிசையா சொல்வாரு, பிள்ளைங்க மார்க்கைச் சொல்ற அப்பா மாதிரி.

அடியில படுத்துக்கிட்டே ஒருத்தனோட பேசுவாரு. ‘வரைஞ்சவன்’னு பேரு. வண்டியை எங்கேயோ காகிதத்துல வரைஞ்சவன். ஏன்டா வரைஞ்சவனே, உனக்குக் கை இருக்கா இல்லையா, இருந்தா இதுக்குள்ள விட்டுக் காட்டுடா. கெட்ட வார்த்தை வராது, உரிமையாத்தான் திட்டுவாரு. கையில கிடைச்சா என்ன பண்ணுவீங்கன்னு ஒருநாள் கேட்டேன். அடிக்க மாட்டேன், அரை மணி நேரம் இங்க படுக்க வெப்பேன்னாரு. இப்படியே அவனோட பேசி இருபத்தெட்டு வருஷம். எங்க குடும்பத்துல அவனும் ஒரு ஆள்தான்.

இனி என் கதைக்கு வர்றேன். நான் ஓட்டுறது சொந்த வண்டி இல்ல. முதலாளிகிட்ட ஒரே மாடல்ல ஆறு வேன், ஆறுலயும் சக்கர நாற்காலி ஏறப் பலகை உண்டு. டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்க நாலு பேரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றது என் வேலை. அதுல டெய்லர் அம்மாதான் மூத்தவங்க. ரெண்டு மணிக்கு அவங்களுக்கு டயாலிசிஸ் மெஷின். தவறினா அன்னைக்கு இல்ல, அடுத்த முறைதான். அதுக்குள்ள கால் வீங்கி, மூச்சு வாங்கி, மனுஷி படாத பாடு படுவாங்க.

வேன் புதுசு. சாவி கொடுத்தப்பவே முதலாளி கறாரா சொல்லிட்டாரு. கம்பெனி சர்வீஸ்ல மட்டும்தான் இதுல கை வைக்கலாம், ஒரு ஆணி ஓட்டை விழுந்தாலும் வேலை கிடையாதுன்னு. சொல்லிட்டு, உங்க மாமா இதும்பக்கம் வரவே கூடாதுன்னும் சேர்த்துக்கிட்டாரு. மாமா புகழ் அவ்வளவு தூரம் பரவியிருந்துச்சு. நானும் வீட்டுக்கு வந்து மாமாகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில, வாராவாரம் செய்யிற மாதிரி, பெட்ரோல் ஃபுல் டேங்க் போட்டேன். பங்க்கை விட்டு நூறு அடி தாண்டல, வண்டி செத்துப்போச்சு. மணி பத்து. மாமாவுக்குப் போன் பண்ணினேன். கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாரு. சாவியைத் திருப்பிப் பின்சீட்டுல காதை வெச்சுக் கேட்டாரு. டேங்குலேருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் தள்ளுற பம்ப் போச்சுன்னாரு.

கம்பெனி சர்வீஸைக் கேட்டா நாலு நாள் கழிச்சு வாங்கன்னாங்க. பம்ப் டேங்குக்குள்ள இருக்கு, டேங்கையே கீழ இறக்கணுமாம். மத்த அஞ்சு வேனும் அதது ரூட்டுல. டெய்லர் அம்மாவால பலகை இல்லாம ஆட்டோவுல ஏறவும் முடியாது. முதலாளிகிட்ட நான் கேக்கல. கேட்டா வேணாம்னுதான் சொல்வாரு, அப்புறம் எதுக்குக் கேக்கணும்.

மாமா சத்தியத்தைக் காப்பாத்த நெஜமாவே பாடுபட்டாரு. ஒரு மணி நேரம் அடியில கிடந்தாரு. டேங்குக்குக் குறுக்க ஒரு கம்பி, கம்பிக்குக் குறுக்க சைலன்ஸர் பைப். எல்லாத்தையும் கழட்டினாலும் ஃபுல் டேங்கை இறக்க முடியாது, அவ்வளவு கனம். பெட்ரோலை உறிஞ்சி எடுக்கலாம்னா, ஊத்துற வாயிலேயே டியூப் போகாதபடி ஒரு வலை. வரைஞ்சவனுக்கு அன்னைக்குத் திட்டு நல்லாவே விழுந்துச்சு. ஃபுல் டேங்க் போட்ட எனக்கும் கொஞ்சம் விழுந்துச்சு.

வெளிய வந்து, பின்சீட்டைத் தூக்கி வெச்சுட்டு, தரையைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்தாரு. அந்தத் தகரத்துக்குக் கீழ ஒரு சாண்ல பம்ப். மேலேருந்து கை போனா அரை மணி நேர வேலை. ஆனா சத்தியம் பண்ணியிருக்காரே. மணி பதினொண்ணே முக்கால்.

"வெட்டுங்க மாமா."

"வெட்டினா உன் வேலை போயிடும்மா."

"வெட்டலேன்னா டெய்லர் அம்மாவுக்கு மெஷின் போயிடும். வெட்டுங்க."

அதுக்கப்புறம் அவரு வேற ஆளு. பேட்டரியைக் கழட்டி வெளிய வெச்சாரு. பக்கத்துக் கடையில அடுப்பை அணைக்கச் சொல்லி ஆள் அனுப்பினாரு. சைக்கிள்ல போற ஒருத்தர் வாயில இருந்த பீடியைக்கூட அணைக்க வெச்சாரு. கீழ பெட்ரோல், அதனால மெஷின் கட்டர் கிடையாது. கையால சுத்துற துளைப்பான், தகரக் கத்தரி, ஈரச் சாக்கு, அவ்வளவுதான். அடியில படுத்தப்பவே சக்கரத்துலேருந்து எத்தனை சாண், எத்தனை விரல்னு அளந்து வெச்சிருந்தாரு. சாக்பீஸால கோடு போட்டாரு. என்னால பார்க்க முடியல, வாசல்ல போய் நின்னுக்கிட்டேன். அந்தக் கத்தரி சத்தம் ஒவ்வொண்ணும் என் சம்பளத்துல விழுற மாதிரியே இருந்துச்சு.

தகரத்தை எடுத்தா, சரியா நடுவுல பம்ப். ஒரு ஒயரைக்கூடத் தொடல. கடையிலேருந்து புது பம்ப் வந்துச்சு, மாட்டினாரு. ஓரத்தையெல்லாம் அரத்தால ராவி மழமழன்னு ஆக்கினாரு, அடுத்தவன் கை கிழியக் கூடாதாம். பழைய பானெட் தகரத்துல மூடி, சுத்தி ரப்பர், நாலு ஸ்க்ரூ. இவ்வளவு அவசரத்துலயும் மார்க்கரைத் தேடினாரு மனுஷன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மார்க்கரையே முழுங்கியிருப்பேன். ‘ஒயரை இழுக்காதே, முதல்ல கிளிப்பை அமுக்கு’ன்னு எழுதிட்டுத்தான் மூடினாரு.

ஒண்ணரைக்கு டெய்லர் அம்மா வீட்டு வாசல்ல இருந்தேன். என் முகம் சரியில்லன்னு கேட்டாங்க, சொல்லிட்டேன். அவங்க யோசிக்கவே இல்ல. நாங்க சட்டை தைச்சா உள்ள ரெண்டு விரக்கடை துணி விடுவோம், ஏன்னா பிரிக்கச் சொல்லி எங்ககிட்டயேதான் திரும்பி வரும், உன் வண்டியைச் செஞ்சவனுக்கு அந்தக் கவலை இல்ல போலன்னாங்க. மாமா சொன்னதையேதான் சொன்னாங்க, கொஞ்சம் மரியாதையா.

சாயங்காலம் முதலாளிகிட்ட நானே போய்ச் சொன்னேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டாரு. சாவியை மேஜையில வெச்சுட்டு வந்துட்டேன்.

வீட்டுல உக்கார்ந்த ஒன்பது நாளும் மாமாவைப் பார்க்கச் சகிக்கல. தினம் காலையில என் வீட்டு வாசல் வரைக்கும் வருவாரு. உள்ள வர மாட்டாரு, சும்மா வந்தேன்னு போயிடுவாரு. எனக்குத் தெரியாம முதலாளியைப் போய்ப் பார்த்து, தப்பு என்னோடதுன்னு சொல்லியிருக்காரு. உக்காருன்னுகூடச் சொல்லலையாம் அந்த ஆளு. அந்த ஒன்பது நாளும் மாமா எதையுமே வெட்டல. அக்காவுக்கே பயம் வந்துடுச்சு. பழைய ரேடியோவை எடுத்து அவர் முன்னால வெச்சு, இதையாவது எதாவது பண்ணுங்களேன்னு கெஞ்சியிருக்கா. தொடலையாம்.

பத்தாம் நாள் இன்னொரு வேன் நின்னுபோச்சு. அதே பம்ப். கம்பெனியில அஞ்சு நாள்னு சொல்லிட்டாங்க. முதலாளி நேரா மாமா ஷெட்டுக்கு வந்துட்டாரு. கொஞ்ச நேரம் சுவத்தைப் பார்த்தாராம், டயரைப் பார்த்தாராம், அப்புறம், அந்த வேன்ல பண்ண மாதிரி இதுலயும் பண்ணணும்னு மெதுவா சொன்னாராம். மாமா அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாரு. அதுலதான் நம்மாளு வேற ரகம். கையைத் துடைச்சுக்கிட்டே சொல்லியிருக்காரு:

"கத்தரி எடுக்கிறேன் சார். முதல்ல சாவி அவ கைக்குப் போகட்டும்."

ஒருத்தர்கிட்டயும் குரலை உசத்திப் பேசாத மனுஷன் அவரு. இதை அக்கா எனக்குச் சொன்னப்ப அழுதுட்டேன், மறைக்க என்ன இருக்கு. அரை மணி நேரத்துல முதலாளியோட ஆள் சாவியோட வந்து நின்னான். அந்த மாசத்துக்குள்ள ஆறு வேன்லயும் மூடி வந்துடுச்சு. அப்புறம் ஒரு தடவை கம்பெனி சர்வீஸுக்குப் போனப்ப, அங்க இருந்த மெக்கானிக்குங்க நாலு பேர் மூடியைச் சுத்தி நின்னு, உள்ள எழுதியிருந்ததைப் படிச்சு, போன்ல படம் எடுத்துக்கிட்டாங்க. ரிப்போர்ட்டுல ஒரு வார்த்தை எழுதல.

மூணு வருஷம் கழிச்சு முதலாளி புது மாடல் வேன் ஒண்ணு வாங்கினாரு. சாவி எனக்கு. ஷோரூம்லேருந்து எடுத்ததும் நான் பண்ணின முதல் காரியம், பின்சீட்டைத் தூக்கி, தரை விரிப்பை விலக்கினதுதான். அங்க ஒரு மூடி. கம்பெனியே வெச்சது. கறுப்பு ரப்பர், நாலு ஸ்க்ரூ.

நேரா ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். சீட்டைத் தூக்கிக் காட்டினேன். மாமா எட்டிப் பார்த்தாரு. அப்புறம் கையைக் கழுவிட்டு வந்தாரு. பழைய வண்டிக்குள்ள போறதுக்கு அவரு கை கழுவி நான் பார்த்ததே இல்ல. நாலு ஸ்க்ரூவையும் கழட்டி, மூடியைத் தூக்கி, உள்ள கையை விட்டாரு. முழங்கை வரைக்கும் தாராளமா போச்சு. ஓரத்தை விரலால தடவினாரு. மழமழன்னு இருந்துச்சு. உங்க மூடியோட படம்தான் அங்க வரைக்கும் போயிருக்கும் மாமான்னேன். காதுலயே வாங்கல.

"இதை வரைஞ்சவன் ஒரு தடவையாவது அடியில படுத்திருக்கான்மா," அப்படின்னாரு.

அவரு மூடியோட உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாரு. வெறுமையா இருந்துச்சு. சட்டைப் பையிலேருந்து மார்க்கரை எடுத்தாரு. புது வண்டி, முதலாளி பார்த்தா என்னாகும்னு என் வாய் வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அவரு எழுதி முடிச்சு, மை காயறதுக்கு ஊதிட்டு, மூடியைப் பழையபடி முடுக்கினாரு.

ரெண்டு மணி மெஷினுக்கு நேரமாச்சு, கிளம்பிட்டேன். இப்பவும் அந்த வேனைத்தான் ஓட்டுறேன். டெய்லர் அம்மா உக்கார்ற சீட்டுக்கு நேர் கீழ இருக்கு அது: ‘கை உள்ள போச்சு, வரைஞ்சவனே. நல்லா இரு.’