பீர் பாய் அறிவிக்காத சாவு

எனக்குத் திக்குவாய். எழுதினால் திக்காது என்பதால்தான் எழுதுகிறேன். எங்கள் தெருச் சங்கத்தில் பீர் முஹம்மதுவின் படத்தை மாட்டப் போகிறார்கள். அதற்குக் கீழே வைக்க நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையில் அடங்குகிற ஆளா அவன்? எழுத ஆரம்பித்தேன், அது இங்கே வந்து நிற்கிறது. சங்கத்தார் வேண்டுமானால் வெட்டிக்கொள்ளட்டும்.

மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவே, கால்வாயை ஒட்டிய சந்து எங்களுடையது. அவனும் நானும் ஒரே கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் படித்தோம். வாத்தியார் என் பெயரைக் கேட்டால் நான் 'து'விலேயே நின்றுவிடுவேன். பின்பெஞ்சிலிருந்து அவன்தான் "துரைராஜ் சார்" என்று முடித்து வைப்பான். அன்றைக்குப் பிடித்த பழக்கம், சாகிறவரை எனக்காக அவன்தான் பேசினான்.

பிறகு ராணுவத்துக்குப் போனான். ஒயர்லெஸ் பிரிவில் பதினேழு வருஷம். அவல்தாராகத் திரும்பி வந்து மைக்செட் கடை வைத்தான். பள்ளிவாசல் மீலாதுக்கும் அவன் ஸ்பீக்கர்தான், அம்மன் கோயில் கூழுக்கும் அவன் ஸ்பீக்கர்தான், இரண்டுமே இலவசம். கால்வாய் பொங்கிய டிசம்பரில் இடுப்பளவு தண்ணீரில் மெகாபோனோடு நின்று, வீடு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எல்லோரையும் மேட்டுக்கு அனுப்பினான். நடக்க முடியாத பங்கஜம் மாமியை முதுகில் சுமந்துகொண்டு போனான். அவன் மனைவி கைசர் ஜஹான், எட்டு வயசு மகள் சிம்ராவோடு பரணில் உட்கார்ந்திருந்தார். "ஊரையே கூப்டாரு, என்னைக் கடைசியா கூப்டாரு" என்று அதற்கப்புறம் பத்து வருஷம் குத்திக் காட்டினார். அதற்குப் பரிகாரமோ என்னவோ, எந்த மூலையில் வேலை இருந்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். தெருமுனையிலிருந்தே மெகாபோனில் சொல்வான்: "கைசர், வந்துக்கினு கீறேன். ஓவர்."

ராணுவத்து ஒயர்லெஸ்ஸில் 'ஓவர்' என்றால் எதிராளி பதில் சொல்ல வேண்டுமாம். சொல்லும்வரை காத்திருப்பார்களாம். கைசர் அண்ணியும் ஜன்னலிலிருந்து விடாமல் பதில் சொல்வார்: "வாங்க, சோறு ஆறுது." தெருவே சிரிக்கும்.

தள்ளுவண்டிக்காரர்களுக்கெல்லாம் அவன்தான் குரல். வண்டிக்கு ஒரு சின்ன மெகாபோன், அதில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்திக்கொண்டு பேசினால் இருபது நொடி பதியும், விட்டால் அதையே திரும்பத் திரும்பக் கத்தும். மறுபடி அழுத்தினால் பழசு அழிந்துவிடும். என் காய்கறி வண்டிக்குக் கடைசியாக அவன் பேசிக் கொடுத்தது ஜூன் மாதம்: "அக்கா வாங்க, அம்மா வாங்க! கத்திரிக்கா, வெண்டைக்கா, கிளிமூக்கு மாங்கா! தொரை வண்டி வந்துகீது. ஓவர்!"

சாவுச் செய்தியும் அவன்தான் சொல்வான். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற கணக்கே கிடையாது. தெருவின் இரண்டு முனையிலும் நின்று, வீட்டையும் பெயரையும் சொல்லி, "தவறிட்டாங்க" என்று நிதானமாகச் சொல்வான். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் பெண்கள் அழுகையைத் தொடங்குவார்கள். பீர் பாய் சொல்லாமல் எங்கள் தெருவில் எவனும் சாக முடியாது என்று கிண்டல் செய்வோம்.

ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டு வந்து என் வண்டியில் சாய்ந்தான். "நான் போனா நீதான் சொல்லணும் தொரை."

"எ... என் வாய்லயா? பொ... பொணமே எழுந்து சிரிக்கும் பாய்."

அவன் சிரிக்கவில்லை. "நீதான்" என்றான்.

ஜூலை முதல் வாரம், வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டும்போது சரிந்தவன் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே அடக்கம் செய்தோம். கூட்டம் கொள்ளவில்லை. ஆனால் தெருமுனையில் நின்று யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான், வாயைத் திறக்கவில்லை. அண்ணி அவன் முகத்தைப் பார்த்தார், அழவில்லை. அழாமல் ஜமக்காளத்தை மடித்து வைத்தார். பிறகு இத்தா இருக்க ஆரம்பித்தார். கணவன் போனால் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருப்பார்கள் இல்லையா, அது.

நாலாம் நாள் வண்டியை எடுத்தேன். புத்தி எங்கே போயிருந்ததோ, பழக்கத்தில் ஸ்விட்சைத் தட்டிவிட்டேன். சந்தில் பீரின் குரல் கணீரென்று எழுந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அணைக்கப் போனவன் அணைக்கவில்லை. செத்துப்போன சிநேகிதன் என் பெயரைச் சொல்கிறான். எப்படி அணைப்பேன்?

அன்றிலிருந்து அவனோடுதான் வியாபாரம். ஆகஸ்ட் பிறந்தது, மாங்காய் சீசன் முடிந்தது, அவன் மட்டும் மாங்காய் கூவிக்கொண்டிருந்தான். "எங்கய்யா மாங்கா?" என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். பேட்டரி இறங்கினால் குரல் கனத்துப்போய், தண்ணீருக்கு அடியிலிருந்து கூப்பிடுவதுபோல் கேட்கும். ஒருநாள் மந்தைவெளி முனையில் என் வண்டியும், பழைய பேப்பர் வண்டியும், உப்பு வண்டியும் எதிரெதிரே வந்து நின்றன. மூன்றிலும் அவன்தான். மூன்று பீர் முஹம்மதுகள் ஒருவர் மேல் ஒருவர் பேசினார்கள். பேப்பர்க்காரர் என்னைப் பார்த்தார், நான் உப்புக்காரரைப் பார்த்தேன். ஆளுக்கொரு பக்கம் தள்ளிக்கொண்டு போனோம்.

அந்த வாரம்தான் கவனித்தேன். அவன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே வண்டி போகும்போது, 'ஓவர்' முடிந்து அடுத்த 'அக்கா' தொடங்குவதற்குள் நாலு நொடி இடைவெளி வரும். அந்த இடைவெளியில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:

"மாங்கா இருக்கட்டும். சாப்ட வாங்க."

மறுநாளும் அதேபோல். அதற்கு மறுநாளும்.

அண்ணியின் மகள் சிம்ரா சாந்தோம் முனைக்கே என்னைத் தேடி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"தொரை மாமா, அந்த மெகாபோனை நிறுத்துங்க. அம்மிக்கு அப்பா போனதே மனசுல ஏறலை. தெருவெல்லாம் சுத்திட்டு வர்றாருன்னு நினைக்கிறாங்க. தட்டு ரெண்டு வைக்கிறாங்க."

"எ... எனக்கு வேற கொ... குரல் இல்லம்மா" என்றேன். கோபமாகவே சொன்னேன். எனக்கு மட்டும் அவன் வேண்டாமா?

"ஆகஸ்ட் பதினஞ்சுக்கு அப்பாவோட வெள்ளைச் சட்டையைத் துவைச்சு அயர்ன் பண்ணி, மெடலைக் குத்தி வச்சிருக்காங்க. வருஷா வருஷம் அப்பாதானே கொடி ஏத்துவாரு? அன்னிக்கு அவர் குரல் கேட்டா, சட்டையை எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்துடுவாங்க மாமா. தெருவே பார்க்கும். அதுக்கப்புறம் அம்மியை எப்படித் திரும்ப இழுக்கறது?"

வண்டியைத் தள்ளினேன். சந்துக்குள் நுழையும் முன் ஸ்விட்சை அணைத்தேன். ஜன்னலுக்குக் கீழே வந்ததும் திரை விலகி, ஒரு கை இரண்டு டம்ளர் டீயை வெளியே நீட்டியது.

"ஒண்ணு உங்களுக்குத் தம்பி. ஒண்ணு அவருக்கு. ஆறிடப்போவுது, கூப்டுங்க."

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் என்ன செய்ய? ஒன்றைக் குடித்தேன், இன்னொன்றைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்போது முதுகுக்குப் பின்னால், மெகாபோன் மெல்ல, "ஓவர்" என்றது.

அணைத்திருந்தேன். இப்போதும் சத்தியம் செய்கிறேன், அணைத்திருந்தேன்.

"இதோ கேட்டாரு பாருங்க" என்றார் அண்ணி, சந்தோஷமாக. பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "எல்லார் மவுத்தையும் அவர்தானே சொல்வாரு. அவருக்கு யாரும் சொல்லலியே தம்பி. சொல்லாத மவுத்து எப்படி மவுத்தாவும்?"

அவரைப் பைத்தியம் ஆக்கியது பீரின் குரல் என்று நினைத்திருந்தேன். இல்லை. என் வாய்தான். ஒரே ஒரு வேலை எனக்கென்று விட்டுப் போனான், அதை நான் செய்யவில்லை.

பதினைந்தாம் தேதி காலை எட்டு மணி. கம்பத்தில் பூவோடு கொடி மடிந்து தயாராகத் தொங்கியது. தெரு முழுக்க ஆட்கள். சங்கத் தலைவர் அப்துல் சமத் பழைய டேப் ஒன்றை வைத்துக்கொண்டு, "பீர் பாய் குரல்லயே கொடிக்கு வணக்கம் சொல்லிடலாம்" என்றார். ஜன்னல் திறந்திருந்தது. கதவுத் திரைக்குக் கீழே அண்ணியின் பாதங்கள் தெரிந்தன, பக்கத்தில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் ஓரம். சிம்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இ... இருங்க" என்றேன்.

என் மெகாபோனை எடுத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அவ்வளவுதான், மாங்காயும் என் பெயரும் அவனும் அந்த நொடியே அழிந்தார்கள். எனக்கு மிச்சம் இருபது நொடி.

"தெ... தெரு ம... மக்களுக்கு..."

பாதி நேரம் அதற்கே போய்விட்டது. 'பீ'யில் வந்து நின்றேன். உதடு ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள், யாரோ அதட்டினார்கள். பின்பெஞ்சிலிருந்து முடித்து வைக்க இப்போது ஆள் இல்லை. நேரம் முடியப் போகிறது என்று சிவப்பு விளக்கு மினுமினுக்க ஆரம்பித்தது.

"பீ... பீர் பாய் த... தவறிட்டாரு. ஓவர்."

விரலை எடுத்தேன். மெகாபோன் அதை வாங்கித் தெரு முழுக்கச் சொன்னது. என் திக்கலோடு, என் நடுக்கத்தோடு, ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை முடிந்த அந்த நாலு நொடியில் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்."

சாவைக் கேள்விப்பட்டால் சொல்வது. நாற்பது நாள் கழித்துச் சொன்னார். அதன்பின் எழுந்த அழுகையை இந்தக் காகிதத்தில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. சிம்ரா உள்ளே ஓடினாள். பாதங்கள் வாசலிலிருந்து பின்வாங்கின. நான் கயிற்றை இழுத்தேன், கொடி விரிந்தது, பூ என் தலையில் விழுந்தது.

மறுநாள் காலை ஜன்னலுக்குக் கீழே நின்று என் சொந்த வாயால் "க... கத்திரிக்கா" என்றேன். அதே நேரம் பழைய பேப்பர் வண்டி பீரின் குரலோடு தெருமுனையைக் கடந்து போனது. "ஓவர்" என்றான் அவன். ஜன்னலிலிருந்து சத்தமே இல்லை. கொஞ்சநேரம் கழித்துத் திரை விலகி, ஒரு டம்ளர் டீ மட்டும் வெளியே வந்தது.