துவக்கு ஏன் சிக்கியது என்று எழுதிவைத்த தவமலர் அக்கா

செய்தி வந்தபோது நான் மெல்பேர்ணில், டண்டினொங்கில், வேலை செய்யும் கிடங்கில், போர்க்லிஃப்டில் இருந்தேன். எங்கள் பிஸ்டல் கிளப்பின் வாட்சப் குழுவில் நீளமாக ஓர் ஆங்கிலச் செய்தி வந்திருந்தது. எனக்கு ஆங்கிலம் வாசிப்பது முள்ளெடுத்து மீன் தின்பது மாதிரி, மெல்ல மெல்லத்தான் போகும். நடுவில் தவமலர் அக்காவின் பெயர் தெரிந்தது. சனிக்கிழமை யார் பொறுப்பு என்ற பட்டியலாக்கும் என்று நினைத்து, பெருவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கப் போய்விட்டேன்.

ஐந்து நிமிடத்தில் கார்த்திக் அழைத்தார். கிளென் வேவர்லியில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை. கிளப்பில் தமிழர் என்று இருந்தது அவரும் நானும் அக்காவும்தான்.

"அண்ணா, என்னண்ணா தம்ஸ் அப் போட்டிருக்கீங்க? அக்கா இறந்துட்டாங்கண்ணா. காலைல ஹார்ட் அட்டாக்."

பெருவிரலை அழித்தேன். அதற்குள் முழுக் கிளப்பும் பார்த்திருக்கும். அக்கா இருந்திருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பார். சிரித்து முடித்து, "பாக்காமல் கை வைக்கிறது உமக்குப் பழைய வியாதி" என்று சொல்லியிருப்பார். போர்க்லிஃப்டை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தவமலர் அக்கா முப்பது வருடத்துக்குக் கிட்ட ஒரு தொழிற்சாலையில் சுருள்கம்பிகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை செய்தவர். கூட வேலை செய்த ஒருவர் கூட்டிப்போக, எங்கள் கிளப்பில் சேர்ந்தார். பிறகு சுடும் வரிசைக்கே பொறுப்பாளர் ஆனார். அவர் "சுடலாம்" என்று சொன்னால் சுடவேண்டும். "நிறுத்து" என்றால் பதினைந்து வெள்ளைக்காரரும் விரலை எடுக்கவேண்டும். ஐந்தடிகூட இல்லாத மனுசி.

நோபல் பார்க்கில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் யாரோ ஓர் அங்கிள் சோற்றுத் தட்டோடு வந்து அவரைச் சீண்டினார். "என்ன பிள்ளை, அங்க ஊரில சண்டைக்குள்ள வெடிச் சத்தத்துக்குப் பங்கருக்குள்ள ஓடின நாங்கள், இங்க சந்தா கட்டிச் சுடுறமோ?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

அக்கா கோழிக்காலைக் கடித்து முடித்துவிட்டுச் சொன்னார். "அங்க சத்தம் எப்ப வரும் எண்டு தெரியாது, அங்கிள். இங்க நான் சொன்னாப் பிறகுதான் வரும்."

அங்கிள் தன் தட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதாக எனக்குத் தெரியாது.

எனக்கு அவர் செய்தது இனித்தான் வருகிறது. இரண்டு வருடத்துக்கு முன் வேலையில் என் வலது மணிக்கட்டு நசுங்கி ஒப்பரேசன் நடந்தது. என் பிஸ்டல் ஒன்பது மில்லிமீற்றர். அதன் உதைப்பை இந்தக் கை இனித் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இங்கே பிஸ்டல் உரிமம் வைத்திருப்பவர் வருடத்துக்கு இத்தனை போட்டி சுட்டே ஆகவேண்டும். சுடாவிட்டால் உரிமம் போகும், துவக்கும் போகும். கிழமை முழுக்கப் பெட்டி தூக்குகிற எனக்குச் சனிக்கிழமை அந்த வரிசைதான் மூச்சு விடுகிற இடம். அது போய்விடும் என்று பயந்தேன்.

அப்போதுதான் கன்வெர்ஷன் கிட் வாங்கினேன். பிஸ்டலின் கைப்பிடிப் பகுதி அதேதான். மேலே ஓடும் ஸ்லைடையும் குழலையும் ரவை அடுக்கும் மகசீனையும் கழற்றி வேறு பூட்டினால், அதே துவக்கு இருபத்திரண்டு என்கிற சின்ன ரவையை, அதாவது தோட்டாவை, சுடும். பெரிய ரவை வெடிக்க, அதன் அடியில் நடுவிலே துவக்கின் ஊசி குத்தவேண்டும். சின்னதுக்கு விளிம்பில் குத்தவேண்டும். உதைப்பு, குழந்தை தட்டுவது மாதிரித்தான். வாங்கிய கோடை முழுக்க நான் ராசா.

குளிர் வந்தது. சிக்கத் தொடங்கியது. ஸ்லைட் பாதி வழியில் நிற்கும், சுட்ட ரவையின் வெறுங்கோது வெளியே வராமல் கடிபட்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் துவக்கை இலக்குப் பக்கமே பிடித்தபடி மற்றக் கையைத் தூக்கவேண்டும், அக்கா வரவேண்டும், வரிசை முழுக்கக் காத்திருக்கவேண்டும். கிளப்பின் தலைவர் பீட்டர் நல்ல மனுசன், ஆனால் அவருக்கும் பொறுமை தேய்ந்தது. இந்தக் கிட்டுகளை நம்ப முடியாது, கிளப் போட்டியில் தடை செய்வோம் என்று அடுத்த கூட்டத்துக்கு எழுதிப் போட்டார். தடை வந்தால் என் கதை முடிந்தது. என்னைப்போலக் கை போய்க் கிட் வாங்கிய வயதானவர்கள் இன்னும் மூன்று பேரின் கதையும்தான்.

அக்காவிடம் போய்ப் புலம்பினேன். "அக்கா, நீங்கள்தான் எனக்காகக் கதைக்கவேணும்."

"உமக்காகக் கதைக்க மாட்டன். துவக்குக்காகக் கதைப்பன். அது என்ன சொல்லுது எண்டு முதல்ல கேப்பம்."

ஒரு கொப்பி கொண்டுவந்தார். ஆறு சனிக்கிழமை என் பக்கத்தில் நின்று எழுதினார். அன்றைக்கு எவ்வளவு குளிர், எந்தப் பெட்டி ரவை, எத்தனையாவது ரவையில் சிக்கியது. என் இரண்டு மகசீனிலும் நகப்பூச்சால் ஒன்றுக்கு ஒரு பொட்டு, மற்றதுக்கு இரண்டு பொட்டு வைத்தார். "இதென்ன அக்கா, கலியாணப் பொம்பிளையோ?" என்று கேட்டேன். "மாப்பிள்ளையைவிட வடிவாத்தான் இருக்கு" என்றார்.

ஆறாவது கிழமை கொப்பியை என் முன் விரித்தார். ரவையை மாற்றியும் சிக்கியிருந்தது. மகசீனை மாற்றியும் சிக்கியிருந்தது. ஆனால் சிக்கியது எல்லாம் குளிர்க் காலையில், முதல் பத்து ரவைக்குள்தான். துவக்குச் சூடாகியபின் ஒன்றுமேயில்லை.

"ராசன், ஸ்லைடுக்கு என்ன எண்ணெய் போடுறனீர்?"

நான் வானத்தைப் பார்த்தேன். அக்கா ஸ்லைடைக் கழற்றி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு ஒரு விரலால் தடவி, வெள்ளையாக ஒட்டியிருந்ததை என் கண்ணுக்கு நேரே காட்டினார்.

"எட விசரா! இது தேங்காய் எண்ணெய் எல்லோ!"

உண்மைதான். கோடையில் ஒருநாள் துவக்கு எண்ணெய் முடிந்துபோனது. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று மனைவி தலைக்கு வைக்கும் போத்தலில் எடுத்துப் போட்டேன். வழுவழு என்று ஓடியது, அதிலேயே தொடர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குத் தேங்காய் எண்ணெய் உறையும் என்று எப்படி ஞாபகம் வரும்? மெல்பேர்ண் குளிரில் குளியலறைப் போத்தல் கல்லாகி நிற்பதைத் தினமும் பார்க்கிறேன். துவக்குக்குள்ளும் அப்படித்தான் நிற்கும் என்று மட்டும் படவில்லை. பெரிய ரவை என்றால் அந்தக் கொழுப்பையும் தள்ளிக்கொண்டு போயிருக்கும். சின்ன ரவைக்கு அவ்வளவு பலம் எங்கே?

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, அக்கா. கிட்டைக் கழுவியாச்சு, இப்ப சரி எண்டு மட்டும் சொல்லுவம்."

"அப்ப பீட்டர் கிட்டில பிழை இருந்தது எண்டுதானே நினைப்பார்? மற்ற மூண்டு பேரும் என்ன செய்யிறது? நீர்தான் சொல்லவேணும். ஊரையெல்லாம் பகிடி பண்ணுறீர், ஒருநாள் ஊரும் பண்ணட்டும்."

கூட்டத்துக்கு முன் இன்னும் இரண்டு சனிக்கிழமை, சரியான எண்ணெயோடு சுட்டுப் பார்த்தோம். அக்கா எழுதிக்கொண்டே இருந்தார்.

கூட்டத்தன்று தகரக் கொட்டகையில் நான் எழும்பினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் காலுக்குக் கீழே விழுந்துவிட்டது. கடைசியில் "கொக்கனட் ஒயில்" என்ற இரண்டு சொற்கள்தான் வாயில் மிஞ்சின.  பீட்டர், சமையலுக்குப் போடுவதா என்று கேட்டார். நான் என் தலையைத் தொட்டுக் காட்டி, தலைமயிருக்கு, உங்களுக்குத் தேவைப்படாது என்றேன். பீட்டரின் தலை நல்ல பளபளப்பு. கொட்டகை அதிர்ந்தது. கார்த்திக் கதிரையிலிருந்து விழப்போனார்.

சிரிப்பு அடங்கியபின் அக்கா கொப்பியை வாசித்தார். கடைசி இரண்டு சனிக்கிழமையிலும் இரண்டே தரம்தான் சிக்கியது. ஒன்று ரவையின் பிழை, விளிம்பில் குத்தியும் வெடிக்கவில்லை. மற்றது?

"அது ஏனெண்டு எனக்குத் தெரியாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். அதை மறைத்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு பீட்டர் என்னிடம் சொன்னார், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மற்றதை எல்லாம் நம்பினாராம்.

தடை விழவில்லை. ஆனால் அக்காவே ஒரு விதி கேட்டு வாங்கினார். கிட் வைத்திருப்பவர் போட்டிக்கு முன் இரண்டு மகசீன் சுட்டுக் காட்டவேண்டும். ஒரு தரம் சிக்கினாலும் அன்றைக்குப் போட்டி இல்லை. என் மேலும் தயவு பார்க்கவில்லை. ஒருநாள் கடைசி ரவையில் சிக்கியதற்கு என்னை வெளியே இருத்திவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். "கோவமோ?" என்றார். "ஓம்" என்றேன். "நல்லது, சீனி போட்டிருக்கு, குடியும்" என்றார்.

அக்காவின் செத்தவீடு முடிந்த சனிக்கிழமை கிளப்புக்குப் போனேன். அக்கா நின்ற இடத்தில் பீட்டர் நின்றார். இந்த வருடத்துக்கு எனக்கு இன்னும் ஒரு போட்டி குறைகிறது, அன்றைக்குப் பின் வருடம் முடிய ஒரேயொரு சனிக்கிழமைதான் மிச்சம். முதல் மகசீன் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில் மூன்றாம் ரவை கடிபட்டு நின்றது. கையைத் தூக்கினேன்.

பீட்டர் வந்து பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். மெல்லிய குரலில், ரவையின் பிழையாக இருக்கும், தவமலருக்காக இன்றைக்குச் சுடு என்றார். கருணையோடுதான் சொன்னார். "தாங்ஸ் பீட்டர்" என்று மட்டும் சொன்னால் போதும், என் வருடக் கணக்கு நிறைந்துவிடும்.

இல்லை என்றேன். ரவையில் பிழையில்லை, செத்தவீட்டு அலைச்சலில் இந்தக் கிழமை நான் துவக்கைத் துடைக்கவேயில்லை, பிழை என்னுடையது என்றேன். பீட்டர் தலையாட்டிவிட்டு என் பெயரை வெட்டினார். நான் வெளியே நீள மர வாங்கில் போய்க் குந்தினேன். தேத்தண்ணி ஊற்றித்தர ஆளில்லை.

அக்காவின் கொப்பியைக் கிளப் வைத்திருக்கிறது, வைத்திருக்கட்டும். கேட்க ஆளில்லாத இடத்திலும் என் பிழையை நானே சொல்வதை அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை வாய் கூசியது, அக்கா. ஆனாலும் சொன்னேன்.