ஹென்றி கூட்டிய இருபது சதுரங்கள்

ஹென்றிக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. கூட்டுவது. சூலியா தெருவில் பதினாறு வருஷம் நகராட்சித் துடைப்பம் பிடித்தவர். அவர் கூட்டிவிட்டுப் போனால் தரையில் சோற்றைக் கொட்டியே சாப்பிடலாம் என்பார்கள் கடைக்காரர்கள். ஞாயிறு பூசைக்குப் போனாலும், வாசலில் கிடக்கும் மிட்டாய்த் தாளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார். மனைவி ஐரீன் தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்ட மனுசனை அரசாங்கமே கூப்பிட்டு, கூட்டாமல் இருப்பதற்குச் சம்பளம் கொடுத்தது என்றால் நம்புவீர்களா? கொடுத்தது, 1987இல்.

ஆயர் ஈத்தாம் மலைச்சரிவில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே டாக்டர் அருந்ததி. ஊசி போடும் டாக்டர் இல்லை, மண்ணைப் படித்த டாக்டர். மரங்களுக்கு அடியில் கயிறு கட்டி இருபது சதுரங்கள் பிரித்து வைத்திருந்தார். அதற்குள் விழும் இலை விழுந்த இடத்திலேயே கிடந்து மக்க வேண்டும். அந்த ஆராய்ச்சிக்கு அரசாங்கம் மூன்று வருஷத்துக்குப் பணம் ஒதுக்கியிருந்தது. யாரும் உள்ளே கால் வைக்காமல் காவல் காப்பது ஹென்றியின் வேலை.

“காத்தில இருக்கிற கார்பனை மரம் இழுத்து இலையாக்குது, ஹென்றி. இலை மக்கினா அது திரும்பக் காத்துக்குப் போகுதா, மண்ணுக்குள்ள தங்குதா? அதைத்தான் பாக்கிறம்.”

“சரிங்க டாக்டர்,” என்பார் ஹென்றி. ஒரு எழவும் புரியாது. குப்பை மக்குவதை வேடிக்கை பார்க்க எந்த அரசாங்கமாவது பணம் கொடுக்குமா? வீட்டில் சொன்னால் ஐரீன் சிரிப்பாள். “அவங்களுக்கும் கிறுக்கு, ஒங்களுக்கும் கிறுக்குலா. சம்பளம் வருதுல்ல, பேசாம இருங்க.”

மூன்றாம் வருஷம் முடியப்போகும் நேரம் வந்தது. தலைநகர் கோலாலம்பூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்து, பணத்தை நீட்டிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார் என்றார்கள். நீட்டித்தால் ஹென்றிக்கு வேலை உண்டு. இல்லையென்றால் டிசம்பரோடு சரி. வயது ஐம்பத்திரண்டு. நகராட்சி வேலையை விட்டுவிட்டு வந்தவர், திரும்பிப் போனால் சேர்ப்பார்களா?

அதிகாரி வருவதற்கு முதல் நாள் டாக்டர் கோலாலம்பூரில் இருந்தார். மறுநாள் காலை விமானத்தில் அதிகாரியோடு சேர்ந்து வருவதாக ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் முகம்மது சுல்தான் எல்லா வேலையாட்களையும் கூட்டினார். “நாளைக்குப் பெரிய ஆபீசர் வர்றாரு. இன்னைக்கு கோத்தோங் ரோயோங். எல்லாரும் சேர்ந்து கிளீன் பண்ணுங்க. ஒரு குப்பை கண்ணுல படக்கூடாது, சொல்லிட்டேன்.”

“அண்ணே, சதுரத்துக்குள்ள?” என்று கேட்டார் ஹென்றி.

“எல்லா எடமும்னா எல்லா எடமும்தான்லா!”

ஹென்றி கயிற்றுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். டாக்டர் தொடாதே என்கிறார். டாக்டருக்குப் பணம் தருவது அரசாங்கம். அந்த அரசாங்கமே வீடு தேடி வரும்போது இப்படிக் குப்பையைக் காட்டினால் உருப்படுமா? யோசித்து யோசித்துத் தலை சுற்றியது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார், பாவி மனுசன். ஒவ்வொரு சதுரத்தின் இலையையும் தனித்தனிச் சாக்கில் அள்ளி நம்பர் போட்டு வைப்பது. விருந்தாளி போன பிறகு திரும்பக் கொட்டிவிடுவது. பொழுது சாய்வதற்குள் இருபது சதுரங்களும் பளிச்சென்று ஆகிவிட்டன.

மறுநாள் அதிகாரி காலில் பளபளக்கும் சப்பாத்தோடு வந்தார். சுற்றிப் பார்த்தார். “பாகுஸ்! பாகுஸ்!” என்று கட்டை விரலை உயர்த்தினார். டாக்டர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

ஜீப் கிளம்பியதும் ஹென்றி ஓடி வந்தார். “ஒரு இலைகூட வீணாகல டாக்டர். இருபது சாக்குல இருக்கு. இப்பவே போட்டுடறேன்.”

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “மேல கிடந்தது நேத்து விழுந்த இலை. அடியில கிடந்தது மூண்டு வருஷத்துக்கு முந்தினது. எந்த அடுக்கு எவ்வளவு மக்கிச்சுது எண்டு இனி எப்பிடி அளக்கிறது? எல்லாத்தையும் ஒண்டாக் கலந்து போட்டீங்களே!”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் அழுதார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. ஆராய்ச்சிக்கு இன்னும் மூன்று வருஷம் பணம் உண்டு. ஆய்வு இடம் மிகச் சுத்தமாகப் பராமரிக்கப்படுவதாகப் பாராட்டு வேறு! டாக்டர் அதை வாசித்துச் சொன்னபோது, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஹென்றி அவர் முகத்தையே பார்த்தார். டாக்டர் தட்டச்சு இயந்திரத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்ன எழுதுறீங்க டாக்டர்?”

“நடந்ததை. அளவு கெட்டுப்போச்சு எண்டு.”

“எழுதினா காசை நிறுத்திடுவாங்களா?”

“நிறுத்தலாம்.”

“எழுதாட்டி?”

“பொய்யான அளவை உண்மை எண்டு கொடுக்கவேணும். அது என்னால ஏலாது.”

ஹென்றிக்கு ஐரீன் ஞாபகம் வந்தது, டிசம்பர் ஞாபகம் வந்தது. கேட்காமல் போய்விடலாமா என்றும் தோன்றியது. ஆனாலும் கேட்டார்: “யாரு கூட்டினான்னு போட்டிருக்கீங்க?”

“என்ர கவனக்குறைவு எண்டு.”

ஹென்றிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கூட்டினது நானு! நீங்க எதுக்கு டாக்டர் என் பழிய வாங்கிக்கிறீங்க?”

இயந்திரத்திலிருந்து கடிதத்தை உருவி எடுத்தார். பேனாவை வாங்கி, டாக்டரின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போனது. எதற்கும் இருக்கட்டும் என்று அடையாள அட்டை எண்ணையும் சேர்த்து எழுதினார். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா டாக்டர்?”

“எனக்கும் தெரியாது ஹென்றி,” என்றார் டாக்டர். “வாங்கோ.”