தண்ணீர் நின்ற தறிக்குழி

ஏகாம்பரநாதர் சன்னதியில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும். நடந்தது 1969, வைகாசி மாசம். இடம், இத்தாலி தேசத்து வெனிஸ் நகரம். அகப்பட்டுக்கொண்டவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் கலியாணசுந்தரம்.

வெனிஸில் மூன்று நாள் பட்டுக் கண்காட்சி. உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலையை நெய்து காட்ட ஆள் கேட்டிருந்தார்கள். கோர்வைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நடுவில் உட்கார்ந்து நெய்ய ஒருவர், வலப்பக்கம் உட்கார்ந்து கரை நூல் சுமக்கிற கட்டையை, அதாவது கரை நாடாவைத் தள்ளிவிட ஒருவர். நெய்வதற்குக் கலியாணசுந்தரம். கரைக்கு அவர் மனைவி நீலாம்பாளின் தம்பி பஞ்சாட்சரம். அவன் குடியிருந்தது செவிலிமேட்டில். அங்கிருந்து நேராக மீனம்பாக்கத்துக்கு வந்து விமானம் ஏறினான். ஏறியதும் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டான்.

முதல் நாள் கலியாணசுந்தரம் சொக்கிப்போனார். தெரு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். பஸ் வர வேண்டிய இடத்தில் படகு. நான்கு வெள்ளைக்காரிகள் அவருடைய விபூதிப் பட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்று போட்டோ பிடித்துக்கொண்டார்கள்.

"உங்க அக்கா பாத்தா இன்னாடா சொல்லுவா?"

"உன்னைத் தறியோட சேத்துக் கட்டிப் போட்டுடுவா மாமா."

இரண்டாம் நாள் எல்லாம் சறுக்கல். புது பூட்ஸ் கடித்தது. சேமியாவை நீளநீளமாக அவித்து, வெல்லம் போடாமல் தக்காளியைக் கொட்டி வைத்தார்கள். காபி கேட்டால் குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுகிற அளவுக்குத்தான் கிடைத்தது. பஞ்சாட்சரம் ஒரு வேளைக்கு ஒன்பது தோசை தின்கிற ஆள். இங்கே தட்டைத் தொடவேயில்லை.

"பசிக்கல மாமா."

அவன் நடந்த இடமெல்லாம் ஈரக் காலடி. தண்ணீர் ஊர், அப்படித்தான் இருக்கும் என்று கலியாணசுந்தரம் விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்புகிற படகு. அதை விட்டால் ரயில் போச்சு, ரயில் போனால் விமானம் போச்சு. பாஷை தெரியாது. பாஸ்போர்ட்டோ மச்சான் இடுப்பில். ஆனால் நீலாம்பாள் கண்ணாடி மணி மாலை கேட்டிருந்தாள். அது இல்லாமல் வாசப்படி ஏறாதே என்றும் சொல்லியிருந்தாள்.

பகல் 1.15. தங்கியிருந்த ரூமில் பஞ்சாட்சரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"கடைக்குப் போறேன், வரியா?"

"நான் இங்கியே இருக்குறன். நீ போய்க்கினு வா."

வெளியே வந்தால் ஒரு கடைகூடத் திறந்தில்லை. ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை அந்த ஊரே கதவடைத்துத் தூங்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. உச்சி வெயில். சந்துக்குள் சந்து. ஒரு நாய்கூட இல்லை. உச்சிப் பொழுதில் தனியாகப் போகக் கூடாது என்பது நம் ஊருக்குத்தான், இங்கே என்ன என்று நடந்தார்.

1.35.

தடக்... தடக்...

நின்றார். முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம். குழியில் காலை விட்டு நெய்கிற குழித்தறி.

சத்தம் வந்த வீட்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்ததும் சத்தம் நின்றது. இருட்டு அறை. நடுவில் தறி. அதில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய அரக்குச் சிவப்புப் பாவு. நெய்கிறவரைக் காணோம். தறிக்கு முன்னால் குழி. அது நிறையக் கறுப்புத் தண்ணீர்.

தண்ணீர்மேல் நிற்கிற ஊரில் தரையைத் தோண்டித் தறிக்குழி போட்டது யார்?

அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் பாவில் ஓர் இழை அறுந்து தொங்கியது. அறுந்த இழையைப் பார்த்துவிட்டு எந்த நெசவாளியும் சும்மா போகமாட்டான். அடுத்தவன் தறியாக இருந்தாலும் கை தானாகப் போகும். அவர் கையும் போயிற்று. இழையை முறுக்கி முடிச்சுப் போட்டார்.

போட்ட பிறகுதான் தெரிந்தது, தான் உட்கார்ந்திருப்பது.

கால் இரண்டும் குழிக்குள். தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கணுக்கால்களை... விரல்கள் சுற்றியிருந்தன.

2.05. கை தானாக நெய்தது. நாடா போயிற்று, வந்தது.

வலப்பக்கத்திலிருந்து கரை நாடாவும் வந்தது.

வலப்பக்கம் யாருமில்லை.

கத்தினார். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

2.50. சேலை ஒரு முழம் வளர்ந்திருந்தது. எங்கோ கோயில் மணி அடித்தது. நாலு மணிப் படகை நினைத்தார். நீலாம்பாளை நினைத்தார். கை மட்டும் நிற்கவில்லை.

3.25. வெளியே காலடிச் சத்தம்.

"மாமா... மாமோவ்!"

பஞ்சாட்சரம் உள்ளே வந்தான். அவரைப் பார்த்தான். இல்லை... அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தான். அவர் அவன் கண்ணில் படவேயில்லை.

ட்டிக்.

பாவில் ஓர் இழை அறுந்தது.

பஞ்சாட்சரத்தின் கை எழுந்தது.

தொடாதேடா... என்று கத்த நினைத்தார். தொட்டுத் தொலையேன்... என்றும் நினைத்தார். எதை முதலில் நினைத்தார் என்று சாகும்வரை அவரால் சொல்ல முடியவில்லை.

முடிச்சு விழுந்தது.

கணுக்கால் விடுபட்டது.

ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால்...

தடக்... தடக்...

3.56. படகுத்துறை. மச்சானைப் பலி கொடுத்தாயிற்று, பாஸ்போர்ட்டும் போயிற்று என்று மூச்சிரைக்க நின்றார்.

படகில் பெட்டிகளோடு பஞ்சாட்சரம் உட்கார்ந்திருந்தான்.

"எங்க மாமா போயிட்ட? நான் ரூமை வுட்டு நவுரவேயில்ல."

அவன் கட்டைவிரலில் ஒரு சிவப்பு இழை சுற்றியிருந்தது. காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

கலியாணசுந்தரம் வழி நெடுக ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கியதும் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆள் இல்லை. சீட் ஈரம். அதன்மேல் அவருடைய பாஸ்போர்ட் மட்டும் கிடந்தது.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகச் செவிலிமேட்டுக்கு வந்தார். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. கதவைத் தட்டினார்.

பஞ்சாட்சரம் திறந்தான். முகமெல்லாம் காய்ந்த அம்மைக் கொப்புளம். பக்கு இன்னும் உதிரவில்லை.

"வா மாமா. கெளம்புற அன்னிக்கே எனக்கு அம்மை போட்டுச்சு. ஆள் அனுப்பினேனே, வந்து சொல்லலியா? பாவம், ஒண்டியாவா போயிட்டு வந்த?"

கலியாணசுந்தரம் அங்கேயே விழுந்தார். அதற்கப்புறம் அவர் தறிக்குழியில் கால் வைத்ததேயில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டியே காலத்தை ஓட்டினார். நூல் அறுந்தால்கூட முடிச்சுப் போடமாட்டார், புது நூல் எடுப்பார்.

கதவைத் திறந்த அந்தப் பஞ்சாட்சரம் நான்தான். மாமா சொன்னதில் ஒன்றைக்கூட மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

1978-ல் மாமா போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்து பெட்டியை ஒழித்தபோது அவருடைய பாஸ்போர்ட் கிடைத்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினேன்.

புறப்பட்டதற்கோ, இத்தாலியில் இறங்கியதற்கோ, அதில் ஒரு முத்திரைகூட இல்லை.